கிணற்றடி நிரையில் செவ்வந்தி

ரவி,

நாங்கள் நல்ல சுகம் என்று முதலில் எழுதட்டோ என்று அம்மா கேட்கிறா. எழுது என்றேன். எழுதிப்போட்டு, பொய்யை எழுதியாச்சு, இனி என்ன என்று என்னைப் பார்த்துக்கொண்டு இருக்கிறா. எனக்கு எழுத்துத் தெரியாதென்று உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல அவதான் எழுதுகிறா. நான் கதைக்கிற மாதிரியே எழுதாமல் பள்ளிக்கூடத்துப் பாணியில் கொஞ்சம் திருத்தித்தான் எழுதுகிறா, அதனால் இது அப்பாவின் கதை மாதிரி இல்லையே என்று நினைக்காதே. சொல் என்னுடையது, கையெழுத்து அவவுடையது. போனில் கதைக்கலாம்தானே என்பாய். எடுத்துப் பார்த்தோம். அம்மாவோடு கதைக்கிறாய், சாப்பிட்டியளோ, மழையோ, கால் நோ எப்பிடி என்று எல்லாம் கேட்கிறாய். நான் போனை வாங்கினவுடன் லைன் கிளியர் இல்லை என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க ஏலாது. கிழிக்கலாம். கிழிக்கிறதென்றாலும் ஒருக்கால் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

போன கிழமை கிளிநொச்சியிலிருந்து சின்னம்மா வந்தவ. உனக்குப் பேசியிருக்கிற பிள்ளையின் படத்தைப் போனில் காட்டினா. எனக்குக் கண் மங்கல், வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்த்தேன். நல்ல முகம். சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிற முகம். அம்மா அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தா. பிறகு சின்னம்மா ஒரு மிடறு தேத்தண்ணி குடித்துவிட்டு, பேணிக்குள் பார்த்துக்கொண்டே சொன்னா.

"அத்தான், கோவிக்காதேங்கோ. ரவி தம்பீன்ரை ஆட்டைத் திவசத்தை, அதுதான் வருசத் திவசத்தை, கீரிமலையிலை செய்யிறானாம். ஐயரோடை கதைச்சிட்டானாம். செய்துபோட்டு அப்பிடியே பஸ் ஏறிடுவானாம்."

"வீட்டை?"

"வீட்டை வரேல்லையாம்."

"படையல்?"

"அதை நீங்கள் இஞ்சை செய்யுங்கோவன் எண்டான். ஆட்டை முடிஞ்சால்தானே தையிலை கலியாணத்துக்கு நாள் வைக்கலாம்."

அம்மா பேணியை வாங்கிக்கொண்டு குசினிக்குப் போனா. தண்ணி ஓடுகிற சத்தம் கேட்டது, கழுவுகிற சத்தம் கேட்கவில்லை. கீரிமலைக்கும் எங்கடை வாசல் படலைக்கும் இடையில் எவ்வளவு தூரம், ரவி? ஒரு பஸ்ஸும் ஒரு நடையும். அவ்வளவு கிட்ட வந்து தம்பிக்குப் பிண்டம் கரைத்துவிட்டு, தாயின் முகத்தைப் பாராமல் திரும்பிப் போகிற அளவுக்கு நான் உனக்கு என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியும். அன்றைக்குத் தோட்டத்தில் நான் போட்ட சத்தம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீ இங்கே இல்லாத காலத்தில் அந்தத் தோட்டத்தில் என்ன நடந்தது என்பது உனக்குத் தெரியாது. தெரியாமல் வந்த கோபம் அது. தெரிந்தபிறகும் கோபம் இருந்தால் இருக்கட்டும்.

நீ தோட்டத்தை விட்டுப் போனது சோம்பலில் இல்லை. ஊருக்குள் நானே அப்படி ஒன்றிரண்டு தரம் சொல்லியிருக்கிறேன், அது வயிற்றெரிச்சலில் சொன்னது. நீ நின்று செய்த கடைசி மிளகாய்ப் போகம் எனக்கு நல்ல நினைவிருக்கிறது. விடியவே இறைத்து மண் ஈரமாக இருக்கும், மத்தியானம் பார்த்தால் கன்றுகள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கும். தண்ணி காணாது, இன்னும் இறை என்று உன்னைத் துரத்தினேன். மிசினுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி ஊற்றி நீ களைத்துப்போனாய். ஒருநாள் பொறுக்க மாட்டாமல் ஒரு கன்றைப் பிடுங்கி என் முன்னால் பிடித்தாய். வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக, பயற்றங்கொட்டை கோத்த மாதிரி. "தண்ணிக்குள்ளை நிண்டுகொண்டு தாகத்திலை சாகுது அப்பா, இனி எவ்வளவு இறைக்கச் சொல்லுறியள்" என்றாய். மறுமொழி இல்லாதபடியால் ஏசினேன். அடுத்த மாதம் நீ கிளிநொச்சிக் கராஜுக்கு வேலைக்குப் போனாய். எனக்கு ஏசத் தெரிந்த அளவுக்கு, தெரியாது என்று சொல்லத் தெரியவில்லை.

நீ போனபிறகு தம்பி குகன் தோட்டத்தை எடுத்தான். புகையிலை, கத்தரி, மிளகாய் ஒன்றும் வேண்டாம், பருத்தி போடப்போகிறேன் என்றான். அச்சுவேலிப் பக்கத்தில் கைத்தறி வைத்திருக்கிற ஒரு ஆள் வாங்குகிறேன் என்றாராம், கோயில்களுக்குத் திரிப் பஞ்சும் ஓடும் என்றான். எனக்குப் பருத்தி பற்றி ஒன்றும் தெரியாது. போடு என்றேன். முதல் வருசம் பருத்தியும் உன்னுடைய மிளகாய் மாதிரியேதான். ஈரத்துக்குள் வாடினது. பிடுங்கிப் பார்த்தால் அதே முடிச்சு. பக்கத்துத் தோட்டத்து நல்லதம்பியண்ணை வந்து பார்த்துவிட்டு, கடையில் குருணை மருந்து இருக்கு, அடியில் போட்டு மண்ணால் மூடினால் மண்ணுக்குள் இருக்கிற எல்லாம் செத்துப்போம் என்றார். நான் ஓம் என்று வெளிக்கிட்டேன். குகன் படலையில் நின்று மறித்தான்.

"எல்லாம் செத்துப்போம் எண்டால், எல்லாம்தானே அப்பா."

"புழு சாகத்தானே போடுறது."

"கிணறு எங்கை இருக்கு?"

"நடுத் தோட்டத்திலை இருக்கு. உனக்குத் தெரியாதே?"

"மழை பெய்தால் இந்த மண்ணிலை போடுற எல்லாம் எங்கை போய் நிக்கும்? கீழை முழுக்கக் கல்லுப் பொத்தல். அம்மா அந்தத் தண்ணியைத்தான் குடிக்கிறா."

அம்மாவின் பெயரைச் சொன்னால் நான் என்ன செய்வது. திரும்பி வந்தேன். ஆனால் அவன் சும்மா மறித்துவிட்டு இருக்கவில்லை. விவசாயத் திணைக்களக் கந்தோருக்கு ஒரு வேரை ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு போனான். அங்கே வேலை செய்கிற பிள்ளை அதைப் பார்த்து, இது கண்ணுக்குத் தெரியாத ஒரு வகைப் புழு, நூலிலும் மெல்லிசு, வேருக்குள் புகுந்து இருக்கும், முடிச்சு அது கட்டின வீடு என்று சொல்லியிருக்கிறா. புகையிலை, கத்தரி, மிளகாய் எல்லாம் அதுக்குப் பிடித்த சாப்பாடாம். குகன் வந்து சொல்லிச் சிரித்தான். "இவ்வளவு காலமும் மாறி மாறி விருந்து வைச்சு வளத்திருக்கிறியள் அப்பா. ஒருநாளும் பட்டினி போடேல்லை." அம்மாவும் சேர்ந்து சிரித்தா. நான் சிரிக்கவில்லை. பிறகு தனியக் கிணற்றடியில் நின்று சிரித்தேன், அது அவனுக்குத் தெரியாது.

அந்தப் பிள்ளையிடம் கேட்டறிந்து வந்துதான் அவன் பருத்தி நிரைகளுக்கு நடுவில் செவ்வந்தி போட்டான். நாங்கள் சுவாமிக்கு வைக்கிற, இலையைக் கசக்கினால் மூக்கைக் குத்துகிற அந்தச் செவ்வந்திதான். அதன் வேரிலிருந்து வருகிற ஏதோ ஒன்று அந்தப் புழுவுக்கு ஆகாதாம். பருத்தியோடு சேர்த்து விதைத்து, மாதக்கணக்கில் வேர் மண்ணுக்குள் நிற்கவேண்டும், அவசரப்பட்டுப் பிடுங்கினால் போட்டதில் பிரயோசனம் இல்லை. பருத்தி எடுத்தபிறகு சணல் விதைத்து அதையும் மண்ணோடு மண்ணாகப் புரட்டவேண்டும். இதெல்லாம் அவன் சொல்ல நான் கேட்டது. நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றும் இல்லை. நான் செய்ததெல்லாம் முறுமுறுத்ததுதான். செவ்வந்தி பருத்தியின் சாப்பாட்டைத் தின்னுதே, நிழல் விழுத்துதே, பிடுங்கடா என்று நாளாந்தம் நச்சரித்தேன். நல்லதம்பியண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துப் பகிடி விடுவார்.

"என்னடா பெடியா உது, தோட்டமோ கோயில் நந்தவனமோ?"

"பூ வேணுமெண்டால் கேளுங்கோ அண்ணை, தாறன். சும்மா வேலியைச் சாச்சுப்போடாதேங்கோ."

"எனக்கேன் பூ? உனக்குப் பொம்பிளை பாக்கிறதெண்டால் சொல்லு, மாலை கட்டலாம்."

"முதல் அண்ணைக்கு முடியட்டும். அண்ணை கட்டாமல் நான் கட்டேலாது."

அண்ணை என்றது உன்னைத்தான். உன்னை வைத்து அவன் இப்படித்தான் கதைப்பான். நீ கராஜில் இருந்து எண்ணெய்க் கையோடு எடுத்து அனுப்பின படமெல்லாம் அவனுடைய போனில் இருந்தது.

முதலில் தோட்டத்தின் ஒரு பாதியில் மட்டும் செவ்வந்தி போட்டுப் பார்த்தான். என்னை நம்பவைக்கத்தான் அப்படிச் செய்தான் என்று பிறகு விளங்கினது. போகம் முடியப் பருத்தியைப் பிடுங்கி இரண்டு பக்கத்து வேரையும் வீட்டு வாசலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். அப்படியே முகம் கழுவப் போய்விட்டான். ஒரு பக்கத்து வேர் முடிச்சு. மற்றப் பக்கத்து வேர் மயிர் மாதிரி நீளமாக, நேராக. நான் குந்தியிருந்து தடவித் தடவிப் பார்த்தேன். அடுத்த போகம் தோட்டம் முழுக்கச் செவ்வந்தி நின்றது. அந்தப் போகத்தில்தான் அவன் போனான்.

இதை அம்மா எழுதவேண்டும். எழுதுவாவோ தெரியாது. சொல்லிப் பார்க்கிறேன்.

மார்கழி மாதம், மழை விட்ட கையோடு காய்ச்சல் என்று படுத்தான். நுளம்புக் காய்ச்சலாக இருக்கும் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டெங்கு என்று மறித்துப் படுக்கவைத்தார்கள். சேலைன் ஏறிக்கொண்டு இருந்தது, காய்ச்சல் இறங்கினது, அடுத்த நாள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றுதான் நாங்கள் இருந்தோம். அம்மா பால் வாங்கப் போயிருந்தா. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையில். திருவெம்பாவைக்குப் பூக் கேட்டுக் கோயில் பெடியள் வீட்டுக்கு வந்தவங்கள் என்று சொன்னேன், சும்மா கதை கொடுக்கத்தான். கண்ணை மூடிக்கொண்டே கேட்டான்.

"குடுத்தனீங்களோ?"

"நீ வந்து குடுப்பாய் எண்டு சொல்லி அனுப்பினன்."

"குடுங்கோ அப்பா. எவ்வளவும் கிள்ளி ஆயட்டும். பிடுங்க மட்டும் விடாதேங்கோ. உவங்கள் செடியோடை இழுப்பாங்கள், கட்டுறதுக்குச் சுகமெண்டு. வேர் நிக்கோணும். இன்னும் கொஞ்ச நாள் நிண்டால் காணும்."

"சரியடா, படு."

"கிணத்தடி நிரையிலைதான் புழு கூட. அதிலை பாத்துக்கொள்ளுங்கோ."

அவ்வளவுதான். அதுக்குப் பிறகு தண்ணி கேட்டான், அம்மா வர அவவோடு என்னவோ கதைத்தான், அது அவர்கள் இருவருடைய கதை. அன்றிரவே போயிட்டான். என்னோடு கதைத்த கடைசிக் கதை அந்த வேரைப் பற்றியது. கடைசிக் கதை என்று தெரிந்திருந்தால் நான் வேறு ஏதாவது கேட்டிருப்பேன். அவனும் வேறு ஏதாவது சொல்லியிருப்பான்.

இந்த இடத்தில் அம்மா பேனையை வைத்துவிட்டு எழும்பிப் போயிட்டா. பின்னேரம் ஆகித்தான் திரும்பி வந்து, சொல்லுங்கோ என்றா. சொல்லுகிறேன்.

செத்தவீட்டன்று நீ கிளிநொச்சியில் இருந்து வந்து இறங்கினபோது நான் பெட்டியின் தலைமாட்டில் இருந்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தாய். பாடைக்குப் பூ வேண்டும் என்று யாரோ சொல்ல, அவன்ரை தோட்டத்திலேயே கிடக்கே என்று இன்னொருவர் சொல்ல, பெடியள் ஓலைக் கடகத்தை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். நீயும் போனாய். எனக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. ஒருவன் திரும்பி வந்து கடகத்தைக் கொட்டினான். பூவோடு செடி, செடியோடு வேர், வேரோடு செம்பாட்டு மண். அந்த மண் வீட்டு நிலத்தில், அவனுடைய காலடியில் விழுந்தது. நான் எழும்பினேன். பறையடிக்கிற சத்தத்துக்குள்ளால், வந்து நின்ற சனத்தை விலத்திக்கொண்டு, பிள்ளையைப் பெட்டியில் விட்டுவிட்டு ஓடினேன். அந்த ஓட்டத்தை ஊரே பார்த்தது.

தோட்டத்தில் நான் கத்தினது உனக்கு மறந்திருக்காது. "பூவை ஆயுங்கோடா, வேரிலை கை வைக்காதேங்கோ." அதையேதான் திரும்பத் திரும்பக் கத்தினேன். ஒருவனுடைய கையைப் பிடித்துத் தள்ளினேன், அவன் இன்றைக்கும் கண்டால் விலத்திப் போகிறான். நீ என் முன்னால் வந்து நின்றாய். உன் முகம் அவனுடைய முகம் மாதிரியே இருந்தது.

"தம்பி அங்கை கிடக்கிறான். உங்களுக்குத் தோட்டமோ?"

"வேர், ரவி. வேர்..."

"என்ன வேர்? அவனை உந்தத் தோட்டத்துக்கை விட்டு முறிச்சது காணாதோ? அவனுக்குப் போடுற பூவுக்கும் கணக்குப் பாக்கிறியளோ?"

அப்படிச் சொல்லிவிட்டு நீ கிணற்றடிக்குப் போனாய். அந்த நிரையைத் தொடக்கத்தில் இருந்து முடிவு மட்டும் பிடுங்கினாய். ஒவ்வொரு செடியாக, இரண்டு கையாலும். பிடுங்கிப் பிடுங்கி என் காலடியில் எறிந்தாய். பெடியள் தலை குனிந்து நின்றார்கள். இது நான் சொல்லவில்லையடா, அவன் சொன்னது, ஆஸ்பத்திரியில் சொன்னது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நீ நின்றிருப்பாய். அந்த ஒரு சொல் எனக்கு வரவில்லை. வேர், வேர் என்றுதான் வந்தது. தோட்டத்து வெறி பிடித்த கிழவன் என்று ஊர் சொன்னது. நல்லதம்பியண்ணைதான் என்னுடைய தோளைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தார். வேலிக்கு மேலால் பகிடி விடுகிற மனிசன் அன்றைக்கு வழி முழுக்க தோளில் பிடித்த கையை எடுக்கவில்லை.

எனக்கு நிற்கவும் ஏலாமல் இருக்க, நீதான் கொள்ளிச் சட்டி தூக்கினாய். சுடலையால் வந்து எல்லாரும் தலை முழுகிப் போனபிறகு, நான் தோட்டத்துக்குப் போனேன். நீ எறிந்த செடிகள் அதே இடத்தில் வாடிக் கிடந்தன. எடுத்து அதே குழிகளில் திரும்ப நட்டேன். வாளியால் அள்ளி அள்ளித் தண்ணி விட்டேன். முத்திப் பூத்த செடி திரும்ப வேர் பிடிக்காது, அது எனக்குத் தெரியாத விசயம் இல்லை. இருந்தாலும் நட்டேன். கொஞ்ச நாளில் எல்லாம் காய்ந்து நின்றன. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கீரிமலைக்குப் போன வான் வண்டியில் நீ முன்னுக்கு இருந்தாய், நான் பின்னுக்கு. ஐயர் சொன்ன இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் குந்தியிருந்து, ஒரே செம்பில் தண்ணி வாங்கி விட்டோம். உன்னுடைய முழங்கை என்னில் பட்டது. நீ இழுத்துக்கொண்டாய். அங்கேயிருந்தே பஸ் ஏறினாய். இப்போது திவசத்தையும் அதே மாதிரி முடிக்கப் பார்க்கிறாய்.

பருத்தி வெடித்தபோது நான் அந்தப் பக்கம் போகவில்லை. அம்மாதான் கடகத்தோடு போய் எடுத்தா. நல்ல பஞ்சு என்று எல்லாரும் சொன்னார்கள். வைகாசியில் பருத்திச் செடிகளைப் பிடுங்கத்தான் வேண்டும் என்று வந்தபோது, ஆளைக் கூப்பிடாமல் நானே பிடுங்கினேன். நாளுக்குக் கொஞ்சம். ஒவ்வொரு வேரையும் உதறிப் பார்த்தேன். தோட்டம் முழுக்க நல்ல வேர், ரவி. சுத்தமாக இருந்தது என்று பொய் சொல்லமாட்டேன், அங்கொன்று இங்கொன்று முடிச்சு இருந்தது. ஆனால் பழைய நோய் இல்லை. அவன் சொன்னது சரி. கிணற்றடி நிரைக்கு வந்தேன். முதல் செடியைப் பிடுங்கினேன், முடிச்சு. அடுத்தது, முடிச்சு. அந்தப் பக்கத்தில் மட்டும் அடிமுதல் நுனி வரை, நீ அன்றைக்கு ஒரு மிளகாய்க் கன்றைப் பிடுங்கி எனக்குக் காட்டினாயே, அதே மாதிரி.

இதை உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. நல்லதம்பியண்ணைக்கும் காட்டவில்லை. எல்லா வேரையும் குவித்துக் கொளுத்திவிட்டு, அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் இருந்தேன். அன்றைக்கு உன்னுடைய கை பிடுங்கினது செடியை இல்லை என்று எனக்குத் தெரியும். நானும் உன்னுடைய வயதில் என்றால், தம்பியைக் கிடத்திவிட்டு அப்பன் தோட்டத்துக்கு ஓடக் கண்டால், இதைவிடக் கூடச் செய்திருப்பேன். ஆனால் ஒன்றைக் கேள். நீ இப்போது ஒரு பிள்ளையின் கையைப் பிடிக்கப் போகிறாய். வீட்டுக்குள் ஒருநாள் அவள் உனக்கு விளங்காத ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு கத்துவாள். பேய் பிடித்தவள் மாதிரித் தெரியும். அப்போது கையை மடக்கிக்கொண்டு, ஏன் என்று கேள். திரும்பவும் கேள். சில பேருக்கு அந்த நேரத்தில் வாய் வராது. உன்னுடைய அப்பனுக்கு வரவில்லை. உனக்கும் வராது, நீ என்னுடைய பிள்ளைதானே.

இவ்வளவு காலமும் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அம்மாவும் இப்போதுதான் கேட்டா. ஆஸ்பத்திரிக் கதை அவவுக்கும் இன்றைக்குத்தான் தெரியும், இதை எழுதுகிறபோதுதான். அவன் கடைசியாக என்னோடு கதைத்தது பூவையும் வேரையும் பற்றித்தான் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. தாயிடம் அவன் அன்பாக ஏதோ சொல்லியிருப்பான், எனக்குத் தோட்ட வேலை சொன்னான் என்று நினைத்தேன். அம்மா எழுதுகிறதை நிறுத்திப்போட்டுச் சொல்லுகிறா, "என்னோடையும் வேறை ஒண்டும் கதைக்கேல்லை. அண்ணைக்கு எடுத்துச் சொல்லாதேங்கோ, பயந்துபோவான் எண்டான். அவ்வளவுதான்." இதையும் எழுது என்றேன். எழுதிவிட்டா. அவன் உன்னைப் பயப்படுத்தக்கூடாது என்றபடியால்தான் அம்மா உனக்கு நேரத்துக்குச் சொல்லவில்லை. நீ வந்தபோது அவன் பெட்டியில் இருந்ததுக்கு அதுதான் காரணம். அதுக்கும் நீ என்மேல் கோபமாக இருந்திருப்பாய்.

இந்தப் போகமும் பருத்தி போட்டிருக்கிறேன், எனக்கு ஏலுகிற அளவுக்கு. எல்லா நிரைக்கும் நடுவில் செவ்வந்தி நிற்கிறது. கிணற்றடி நிரையில் மட்டும் பருத்தி போடவில்லை. அதில் முழுக்கச் செவ்வந்தி. போன வருசம் பெடியள் ஆயாமல் விட்ட பூக்கள் செடியிலேயே காய்ந்து நின்றன, அதில் இருந்து எடுத்த விதை. நெருக்கமாக முளைத்து, இப்போது மொட்டுவிட்டு நிற்கிறது. திவசத்துக்கு விரியும். கோயில் பெடியள் கேட்டு வந்தவங்கள். மற்ற நிரைகளில் ஆயச் சொன்னேன், அந்த நிரையைத் தொடவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஏன் என்று அவங்கள் கேட்கவில்லை. அப்படி ஒரு பயம் என்னில்.

கீரிமலையில் செய். அது நல்ல இடம், நீ கொள்ளி வைத்தவன், நீ செய்வதுதான் முறை. நான் வந்து பக்கத்தில் குந்துகிறேன், வேண்டாம் என்றால் தள்ளி நிற்கிறேன். ஆனால் படையல் அவன் சாப்பிட்ட வீட்டில்தான். அம்மா அவனுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பும் வடையும் செய்யத்தான் போகிறா, நீ வந்தாலும் வராவிட்டாலும். விளக்குக்குத் திரி இப்போதே திரித்து வைத்துவிட்டா, போன வருசத்துப் பஞ்சில். அந்தப் பஞ்சில் கொஞ்சத்தை விற்கவிடாமல் பெட்டகத்துக்குள் வைத்திருந்தது எனக்கு நேற்றுத்தான் தெரியும். படத்துக்குப் போட மாலை வேண்டும். அதுக்குப் பூவை நான் ஆயப்போவதில்லை, வேறு ஒருவரையும் ஆயவிடப்போவதில்லை. நீ ஆயாவிட்டால் அவனுடைய படம் அன்றைக்குப் பூவில்லாமல் இருக்கும், அவ்வளவுதான்.

வந்தால் நேரே கிணற்றடிக்குப் போ. என்னோடு கதைக்கத் தேவையில்லை. கடகம் கிணற்றுத் துலாவடியில் இருக்கும். ஒரு கையால் செடியை அடியில் அமத்திப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் காம்பைக் கிள்ளு. மழை மண், இளகி இருக்கும். வேர் ஆடாமல் பார்த்துக்கொள்.

அப்பா